நீயா, நீரா? ஒரு பிரிட்டிஷ் கிறிஸ்தவ ராக் குழுவின் முதல் ஆல்பம்

1997 ஜூன் மாதம். டோனி பிளேர் பிரதமராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' கடைக்கு வந்த மாதமும் அதுவே. அப்போது பிரிட்டிஷ் ஆல்பம் தரவரிசையில் 13ஆம் இடத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. 'டெலிரியஸ்?' என்ற குழு, 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்' என்ற ஆல்பம். குழுவின் பெயரிலேயே கேள்விக்குறி உண்டு, அச்சுப்பிழை இல்லை. வானொலியில் அவர்களை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை, தொலைக்காட்சியிலும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் நாடெங்கும் இருந்த சபை வாலிபர்களுக்கு அவர்களை நான்கு வருடமாகத் தெரியும்.

இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள, அது பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில், மேற்கு சசெக்ஸில், அருண் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது லிட்டில்ஹாம்ப்டன். கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்துபோகும் சின்ன ஊர். வெளியுலகுக்கு அதைத் தெரியவைத்தது 'தி பாடி ஷாப்'. அழகுப்பொருள் விற்கும் அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல காலம் அங்கேதான் இருந்தது. அந்த ஊரில் 1992இல் அருண் கம்யூனிட்டி சர்ச் என்ற சபை வாலிபர்களுக்காக மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கியது. கூட்டத்தின் பெயர் 'கட்டிங் எட்ஜ்'. அதில் வாசித்த பாடகர் குழுவையும் மக்கள் அதே பெயரில் அழைத்தார்கள்.

மார்ட்டின் ஸ்மித் பாடுவார். அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் எஞ்சினியராக வேலை பார்த்தவர். ஸ்டூவர்ட் ஸ்மித் டிரம்ஸ், டிம் ஜப் கீபோர்டு. லீட் கித்தாருக்கு ஸ்டூ கேரர்டும் பேஸ் கித்தாருக்கு ஜான் தாட்சரும் சேர்ந்தபோது ஐவர் ஆனார்கள். குழுவுக்குள் மாமன் மச்சான் உறவும் உண்டு. ஸ்மித் ஒலிப்பதிவாளர் என்பதைச் சும்மா சொல்லவில்லை. சபைப் பாடகர் குழுக்களின் பதிவுகளில் பொதுவாகக் குரல் மட்டும் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் எங்கோ கேட்கும். இவர்களிடம் அப்படி இல்லை. டிரம்ஸ் எங்கே நிற்க வேண்டும், கித்தாரின் எதிரொலி எவ்வளவு நீள வேண்டும் என்று தெரிந்த காது அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்தது.

1993க்கும் 1995க்கும் இடையே அவர்கள் நான்கு சிறு பதிவுகளை வெளியிட்டார்கள். பெயர்களைக் கவனியுங்கள். முதலாவது 'கட்டிங் எட்ஜ்'. அடுத்தது 'வேக் அப் கால்'. மூன்றாவது 'ரெட் டேப்': அரசு அலுவலகத்துச் சிவப்பு நாடா, கூடவே கேசட்டின் நாடா. நான்காவது 'ஃபோர்': கோல்ஃப் மைதானத்தில் பந்து வருகிறது, விலகுங்கள் என்று கத்தும் சொல், காதில் விழுவதோ நான்கு என்று. ஆராதனைப் பாடல் கேசட்டுக்கு இப்படியெல்லாம் பெயர் வைத்தவர்கள் ஆல்பத்துக்கு 'முட்டாள்களின் அரசன்' என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் வருகிறது. நான்கு பதிவுகள், 1996இல் ஒரு நேரடி நிகழ்ச்சி ஆல்பம், இத்தனைக்கும் பிறகு வந்ததை எப்படி முதல் ஆல்பம் என்கிறோம்? ஸ்டூடியோவில் முழு ஆல்பமாகத் திட்டமிட்டுச் செய்த முதல் வேலை என்பது ஒரு பதில். இன்னொரு பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. முந்தையவை எல்லாம் சபைக்குள் இருப்பவர்களுக்காகச் செய்தவை. கேட்பவர் ஏற்கெனவே விசுவாசி என்ற நிச்சயத்தில் பாடியவை. சபைக்கு வெளியே நிற்கும் ஒருவர் காசு கொடுத்து வாங்கக்கூடும் என்ற நினைப்போடு செய்தது 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்'தான். அந்தப் பொருளில் அது முதல்.

இடையில் ஒரு விபத்து. 1995இல் ஒரு நிகழ்ச்சி முடிந்து காரில் திரும்பும்போது ஸ்மித் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். காரில் ஜான் தாட்சரும் இருந்தார். ஸ்மித்துக்குக் கால் முறிந்தது, மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. அந்தப் படுக்கையில்தான் அவர் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பகல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசையில் இறங்குவதென்று குழு முடிவெடுத்தது. 1996இல் பழைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டு 'டெலிரியஸ்?' ஆனார்கள்.

டெலிரியஸ் என்றால் பிதற்றல், ஜன்னி, பித்து. கேள்விக்குறியையும் சேர்த்துப் படித்தால் 'பித்துப் பிடித்ததா?' இறைவனையே பித்தா என்று அழைத்துப் பாடத் தொடங்கிய சுந்தரரைத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் விபரீதமாகத் தோன்றாது. ஆல்பத்தின் பெயருக்கும் அதே வேர்தான். 'நாங்கள் கிறிஸ்துவினிமித்தம் பைத்தியக்காரர்' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். தமிழ் பைபிளின் சொல்லைக் கொண்டு பெயர்த்தால் ஆல்பம் 'பைத்தியக்காரர்களின் ராஜா' ஆகிவிடும். ஆங்கிலத் தலைப்பைவிட இது அந்தக் குழுவின் பெயரோடு இன்னும் நன்றாக ஒட்டுகிறது என்றுகூடச் சொல்வேன்.

கிறிஸ்தவர்கள் கித்தாரோடு பிரிட்டிஷ் தரவரிசைக்குள் நுழைவது அது முதல்முறையல்ல. 1964இலேயே சால்வேஷன் ஆர்மி என்ற, ராணுவ பாணியில் சீருடை அணியும் கிறிஸ்தவ சேவை அமைப்புக்காரர்கள் சீருடையோடு 'ஜாய்ஸ்ட்ரிங்ஸ்' என்ற பீட் குழுவாக வந்து முதல் நாற்பதுக்குள் ஒரு பாட்டைக் கொண்டுபோனார்கள். லக்னோவில் பிறந்த பிரிட்டிஷ் பாப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் 1966இல் தன் விசுவாசத்தை மேடையிலேயே அறிவித்தார், அதற்குப் பிறகும் நட்சத்திரமாகவே இருந்தார். 'ஆஃப்டர் தி ஃபயர்' என்ற குழு 'டெர் கொமிசார்' பாட்டின் ஆங்கில வடிவத்தால் 1983இல் அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை போனது. அந்தக் குழுவின் ஆண்டி பியர்சிதான் பிற்பாடு 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்' ஆல்பத்தை டெலிரியஸ்? குழுவோடு சேர்ந்து தயாரித்தார். ஒரு தலைமுறை முன்னால் அதே சுவரில் முட்டிப் பார்த்த ஆள்.

சுவர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்தவ இசை தனி நாடு மாதிரி. நாஷ்வில்லில் கம்பெனிகள், தனி வானொலி நிலையங்கள், தனி விருதுகள், தனிக் கடைகள். அங்கே ஒரு கிறிஸ்தவக் குழு வெளியுலகத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் லட்சக்கணக்கில் விற்று ஓய்வு பெறலாம். பிரிட்டனில் அந்த வசதி கிடையாது. லண்டனுக்கென்று ஒரு கிறிஸ்தவ வானொலி, 'பிரீமியர்', வந்ததே 1995இல்தான். மதம் பேசுவது அந்த ஊர் பாப் உலகில் கொஞ்சம் கூச்சமான விஷயம். விருந்தில் ஒருவர் திடீரென்று ஜெபிக்கத் தொடங்கினால் மற்றவர்கள் தட்டையே பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஆனால் சபைக்குள் வேறொரு பிரிட்டன் இருந்தது. 1980களிலிருந்தே பெந்தெகொஸ்தே சாயல் கொண்ட ஆராதனை ஆங்கிலிக்கன் சபைகளுக்குள்ளும் பரவியிருந்தது. 'ஸ்பிரிங் ஹார்வெஸ்ட்' போன்ற கன்வென்ஷன்களுக்கு ஆயிரக்கணக்கில் கூடினார்கள். 1993இல் 'சோல் சர்வைவர்' வாலிபர் முகாம்கள் தொடங்கின. 1994இல் டொரொண்டோவில் ஒரு சபையில் கிளம்பிய பரவசம் லண்டனுக்கும் வந்தது: விழுதல், சிரித்தல், அழுதல் எல்லாம். 'எழுப்புதல்', அதாவது திரளானோர் விசுவாசத்துக்குத் திரும்பும் காலம், வரப்போகிறது என்ற பேச்சு எங்கும். ஆல்பத்தில் 'ரிவைவல் டவுன்' என்று ஒரு பாட்டே உண்டு. எழுப்புதல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு அதன் சூடு உடனே புரியும். வெளியே இருப்பவருக்கு அது வெறும் ஊர்ப் பெயர் மாதிரிதான் கேட்கும்.

அந்தக் குழுவின் கெட்டிக்காரத்தனமும் சிக்கலும் இங்கேதான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. பழைய கீர்த்தனைகளில் கடவுளை அழைக்க 'தவ்' என்ற பழஞ்சொல் இருந்தது. புதிய ஆராதனைப் பாடல்கள் அதை விட்டுவிட்டன. அதன்பின் கடவுளிடம் பேசுகிற 'யூ'வும் காதலியிடம் பேசுகிற 'யூ'வும் ஒன்றாகிவிட்டன. இன்னும் ஆழமாக உன்னை அறிய வேண்டும், உன் பின்னாலேயே வருகிறேன், உன் கைகள் என்னைத் தாங்கட்டும் என்று ஒரு பாட்டு போனால், சபையில் இருப்பவர் கையை உயர்த்துவார், கார் ஓட்டிக்கொண்டே கேட்பவர் அது யாரோ ஒரு பெண்ணைப் பற்றி என்று நினைப்பார். இரண்டு பேருமே ஏமாறவில்லை.

தமிழில் இந்த வித்தை செல்லாது. நம்முடைய கிறிஸ்தவப் பாடல்களில் பெரும்பாலும் கடவுள் 'நீர்'. 'நீரே என் தஞ்சம்' என்று தொடங்கிய மாத்திரத்தில் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், இது சினிமாப் பாட்டு இல்லை என்று. காதலனும் காதலியும் ஒருவரையொருவர் 'நீர்' என்று அழைப்பதில்லை. 'கிங் ஆஃப் ஃபூல்ஸ்' ஆல்பத்தைத் தமிழாக்க உட்காரும் ஒருவர் முதல் வரியிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும்: நீயா, நீரா? எடுத்துவிட்டால், அந்த ஆல்பம் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்த கதவு ஒன்று சாத்திக்கொள்ளும்.

இந்தத் திறந்த கதவு ஆல்பம் முழுக்க ஒரே அளவில் இல்லை. தொடக்கப் பாட்டின் பெயர் 'சாங்டிஃபை', பரிசுத்தமாக்கு. இதில் ஒளிவுமறைவே கிடையாது, சபைக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் வாயிலெடுப்பதில்லை. அடுத்து வரும் 'டீப்பர்' நேர் எதிர். துள்ளலான கித்தார், உடனே வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி, வானொலியில் அந்நாளைய பிரிட்டிஷ் கித்தார் பாப்பான எந்தப் பிரிட்பாப் பாட்டுக்குப் பின்னால் வைத்தாலும் உறுத்தாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பதே ஓர் அறிவிப்பு மாதிரிதான். நாங்கள் யார் என்று மறைக்கவில்லை, ஆனாலும் உள்ளே வாருங்கள். 'ஆல் தி வே', 'ப்ராமிஸ்' இரண்டும் பெயரை மட்டும் பார்த்தால் எந்தக் காதல் ஆல்பத்திலும் இருக்கலாம். 'கிங் ஆர் கிரிப்பிள்', அரசனா முடவனா, நிச்சயமாக இருக்க முடியாது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் வரிகளையே பேசுவது நியாயமில்லை. அயர்லாந்தின் ராக் குழுவான யூ2வின் நிழல் தெளிவாகத் தெரிகிறது. கேரர்டின் கித்தார் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அதன் எதிரொலி மேல் அடுத்ததை மீட்டி, அதன் மேல் இன்னொன்றை அடுக்கிக்கொண்டே போகும். பெரிய மைதானத்தில் கடைசி வரிசை வரை போய்ச்சேர வேண்டிய ஒலி அது. கட்டமைப்பு மட்டும் அப்பட்டமாகச் சபையிலிருந்து வந்தது. மெதுவாகத் தொடங்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏற்றி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து கத்தும்படி விடுவது. இரவு ஜெபக் கூட்டத்தில் பாட்டு எப்படி ஏறும் என்று பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏணி. மூன்றரை நிமிடத்தில் முடிய வேண்டிய வானொலிப் பாட்டுக்கு இந்த ஏணி ஒத்துவராது. ஆல்பத்தின் நடுவில் ஓரிரு பாட்டுகள் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் தொங்குவதாக எனக்குப் படுவது இதனால்தான்.

'ஒயிட் ரிப்பன் டே' தனிக்கதை. வட அயர்லாந்தில் அமைதி வேண்டும் என்ற பாட்டு, வெள்ளை ரிப்பன் அமைதிக்கு அடையாளம். அது சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டாக, வெளிவந்த நேரத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐஆர்ஏ இயக்கம் 1994இல் அறிவித்த போர்நிறுத்தம் 1996 பிப்ரவரியில் லண்டன் டாக்லாண்ட்ஸ் குண்டுவெடிப்போடு முறிந்துபோனது. மறுபடி போர்நிறுத்தம் 1997 ஜூலையில். அமைதிக்கான புனித வெள்ளி ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10ஆம் தேதி. பாட்டு வந்தது 1997 தொடக்கத்தில், அதாவது நம்பிக்கை உடைந்து மறுபடி ஒட்டாமல் கிடந்த மாதங்களில். 'யூ' யார் என்ற குழப்பம் இதில் எழவே இல்லை, நாடு முழுவதற்கும் தெரிந்த துக்கத்தைப் பற்றிய பாட்டு. உலகத்தோடு பேசக் கடவுளை மறைக்கவும் வேண்டியதில்லை, காதலி போல வேடம் கட்டவும் வேண்டியதில்லை என்பதற்கு ஆல்பத்திலேயே இருக்கும் சாட்சி இது. இந்த வழியில் இன்னும் இரண்டு பாட்டு போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த சிங்கிள் தரவரிசையில் எட்டிய இடம் 41. அந்நாளில் பிபிசி ரேடியோ ஒன் ஞாயிறு மாலை வாசித்தது முதல் நாற்பதை மட்டும்.

தரவரிசை எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் இந்த 41இன் வலி புரியும். அந்தக் காலத்தில் புதுப் பாட்டு திங்கட்கிழமை கடைக்கு வரும், சனிக்கிழமை வரை கணக்கு, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. கணக்கில் சேர்ந்த கடைகளில் பார்கோடு வைத்து விற்றது மட்டுமே எண்ணப்படும். கிறிஸ்தவர்கள் வழக்கமாகக் கேசட் வாங்குவது கிறிஸ்தவப் புத்தகக் கடையிலும் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் வாசல் மேசையிலும். மேசையில் ஆயிரம் விற்றாலும் தரவரிசைக்கு அது தெரியாது. ஆகவே ஒரு கிறிஸ்தவக் குழு மேலே வர வேண்டுமானால், விசிறிகள் தங்கள் கடையை விட்டு ஹைஸ்ட்ரீட், அதாவது ஊரின் பொதுக் கடைத்தெரு, கடைக்குப் போக வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே.

போனார்கள். 1997 மே மாதம் 'டீப்பர்' 20ஆம் இடம். ஜூலையில் 'ப்ராமிஸ்' மறுபடி 20. நடுவில் ஜூனில் ஆல்பம் 13. இவ்வளவும் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல். 'ஃப்யூரியஸ்?' என்று அதே கேள்விக்குறியோடு தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சொந்த லேபிளில், அதாவது சொந்த இசை வெளியீட்டு நிறுவனத்தில்தான் எல்லாம் வந்தது.

இது நேர்மையான வெற்றியா என்று சிலர் முணுமுணுத்தார்கள். கட்டுப்பாடான ஒரு கூட்டம் ஒரே வாரத்தில் வாங்கினால் எதையும் மேலே ஏற்றிவிடலாமே என்பது கேள்வி. எனக்கு இதில் பெரிய குற்றம் தெரியவில்லை. பெரிய கம்பெனிகள் ஒரே பாட்டை இரண்டு வெவ்வேறு சிடிக்களாக வெளியிட்டு, முதல் வாரம் விலையைக் குறைத்து, விசிறியை இரண்டையும் வாங்க வைத்த காலம் அது. ஆட்டத்தின் விதியை எல்லோருமே வளைத்தார்கள். ஆனால் இன்னொரு கேள்விக்கு எளிதில் பதில் இல்லை. வாங்கியவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே சபையில் இருந்தவர்கள் என்றால், ஆல்பம் வெளியே போய்ச்சேர்ந்ததா? பழைய கூட்டமே வேறு கடைக்கு இடம் மாறியது மட்டும்தான் நடந்ததா? வானொலி கைகொடுத்திருந்தால் முன்பின் தெரியாதவர்கள் கேட்டிருப்பார்கள். அது நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1999 இறுதியில், கிளிஃப் ரிச்சர்டின் 'மில்லெனியம் ப்ரேயர்' பல நிலையங்கள் போட மறுத்த நிலையிலேயே மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே அந்த நிலை என்றால் லிட்டில்ஹாம்ப்டன் பையன்கள் எம்மாத்திரம்.

வேடிக்கை என்னவென்றால், குழுவின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது வெளியாருக்காகச் செய்த இந்த ஆல்பம் அல்ல. முன்பே கேசட்டில் வந்த, சபைக்காகவே எழுதிய பாட்டுகள்தான் போயின. 'ஐ குட் சிங் ஆஃப் யுவர் லவ் ஃபாரெவர்' அதில் முக்கியமானது. 1999இல் 'சோனிக்ஃப்ளட்' என்ற அமெரிக்கக் குழு அதைப் பாட, பிறகு உலகின் பாதி ஆங்கில ஆராதனைகளில் அது வழக்கமாகிவிட்டது. சபைகளில் திரையில் வரிகளைக் காட்டிப் பாட ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். எந்தப் பாட்டு எவ்வளவு பாடப்பட்டது என்று சபைகள் கணக்குத் தர, எழுதியவருக்குப் பங்கு போகும். தரவரிசைக்கு எட்டாத ஞாயிற்றுக்கிழமைகள் இந்தக் கணக்கில் மட்டும் ஒழுங்காகப் பதிவாயின. தெருவில் கடை போட ஆசைப்பட்டவர்களுக்குக் கோயில் மடப்பள்ளியிலிருந்து சோறு வந்த கதைதான்.

இந்த ஆல்பத்திலிருந்தும் அப்படி ஊர் ஊராகப் போன ஒரே விலக்கு 'ஹிஸ்டரி மேக்கர்'. ஆல்பத்தின் கடைசிக்கு முந்தைய பாட்டு. மெதுவாக ஊர்ந்து தொடங்கி, முடிவில் ஒரே உறுதிமொழியைப் பல முறை உரக்கச் சொல்லி நிற்கும் பாட்டு, நான் மேலே சொன்ன ஏணியின் மிகச் சுத்தமான வடிவம். இதில் 'யூ'வைவிட 'ஐ'தான் முக்கியம். நான் வரலாற்றை மாற்றுகிறவனாக இருப்பேன் என்று ஒரு வாலிபன் சொல்லும் சபதம். தமிழில் 'நான்' என்பதில் இரண்டு வகை இல்லை, இதைப் பெயர்ப்பதில் சிக்கலே வராது. 1997இல் அதை சிங்கிளாக வெளியிடவில்லை. சபைகளும் முகாம்களும் பாடியே வளர்த்தன.

குழு பிற்பாடு நிறைய செய்தது. 1998இல் இந்த ஆல்பம் ஸ்பாரோ லேபிள் வழியாக அமெரிக்கா போனது. 1999இல் இன்னும் பரிசோதனையான 'மெசமார்ஃபிஸ்' வந்தது. 2001இல் அமெரிக்க ராக் குழு பான் ஜோவியின் மைதான நிகழ்ச்சிகளில், அவர்கள் மேடையேறும் முன் வாசிக்கும் குழுவாக வாசித்தார்கள். வெளியே போவதா, சபைக்கே திரும்புவதா என்ற இழுபறி ஒவ்வொரு ஆல்பத்திலும் தொடர்ந்தது, பிந்தைய வருடங்களில் சபைப் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். 2009 நவம்பர் 29ஆம் தேதி லண்டன் ஹாமர்ஸ்மித் அப்போலோ அரங்கில் கடைசி நிகழ்ச்சி. அத்தோடு குழு கலைந்தது.

அடுத்த மாதம் பிரிட்டனில் ஒரு கூத்து நடந்தது. கிறிஸ்துமஸ் முதலிடத்தை வருடாவருடம் பிடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் போட்டியின் வெற்றியாளரைத் தோற்கடிக்க, 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' குழுவின் பழைய பாட்டு ஒன்றை எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்குவோம் என்று ஃபேஸ்புக்கில் பிரசாரம் செய்து ஜெயித்தும் விட்டார்கள். இதைப் பார்த்த டெலிரியஸ்? விசிறிகளுக்குப் பொறி தட்டியது. ஈஸ்டருக்கு 'ஹிஸ்டரி மேக்கர்' வாங்குவோம். இப்போது எந்தக் கடைக்குப் போகிறோம் என்ற கவலை இல்லை, டவுன்லோடு கணக்கில் சேரும் காலம். 1997இல் காலால் நடந்து செய்ததை 2010இல் விரலால் செய்தார்கள்.

ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு. பதின்மூன்று வருடத்துப் பழைய பாட்டு, கலைந்துபோன குழு, நான்காம் இடம். ரேடியோ ஒன் தரவரிசை நிகழ்ச்சியில் முன்வரிசைப் பாட்டுகளைத் தட்ட முடியாது, போட்டே ஆக வேண்டும்.